பதினொரு செக்கன்

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் அன்று அறுபத்திரண்டு பெண்கள் வரிசையில் நின்றார்கள். சாக்குக்கு, ஈரத்துக்கு என்று சொல்லிக் கணக்கப்பிள்ளை ஆளுக்கு நாலு கிலோ கழித்தபோது, வரிசையில் நின்ற விஜயகலா தராசை மறித்துக்கொண்டாள்.

"கழிங்க ஐயா, நல்லா கழிங்க. நாலு என்ன, எட்டாவே கழிங்க. அப்புறம் எங்க தோலையும் உரிச்சு நிறுத்துப் பாருங்க."

பெண்கள் கைதட்டினார்கள். கணக்கப்பிள்ளை இரண்டு கிலோவுக்கு இறங்கினார்.

அந்தக் கைதட்டலை நம்பித்தான் விஜயகலா பிரதேச சபைத் தேர்தலில் சுயேச்சையாக நின்றாள். எதிரே நின்றவன் இந்திரகுமார். கொடகவெல டவுனில் போன் கடைக்காரன். 'தோட்டத்து இடி' என்று பேஸ்புக் பக்கம் நடத்துபவன். அன்று மடுவத்துப் பக்கம் வந்திருந்தவன், அந்தச் சண்டையைப் படம் பிடித்து வைத்திருந்தான். தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கையில் அந்த வீடியோவில் பதினொரு செக்கனை மட்டும் வெட்டியெடுத்துப் பக்கத்தில் போட்டான். "கழிங்க ஐயா, நல்லா கழிங்க. நாலு என்ன, எட்டாவே கழிங்க." கீழே சிவப்பு எழுத்தில், 'தோட்டத் துரையின் கைக்கூலி'.

விஜயகலா நேரே அழகம்மாவின் லயத்து வீட்டுக்குப் போனாள். அன்று வரிசையில் அவளுக்கு அடுத்து நின்றவள் அழகம்மா. அந்தப் பதினொரு செக்கனிலும் அவள் முகம் தெரிந்தது.

"அக்கா, நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?"

"நின்னேன்தான். இல்லன்னு சொல்லல. ஆனா போன்ல வேற மாதிரியில்ல இருக்கு."

அவள் புருஷன் ஐயாவு பல் குத்துவதை நிறுத்தினான். "பன்னெண்டாயிரம் பேர் பாத்திருக்காங்க புள்ள. நீங்க அறுபது பேர் பாத்தது நெசம், அத்தனை பேர் பாத்தது பொய்யா?"

"அவங்க யாரும் மடுவத்துல நிக்கல அண்ணே."

"நிக்காதவங்களுக்கே தெரிஞ்சிருக்கு பாரு."

கூட வேலை செய்யும் இலட்சுமியின் போனில் அவள் அன்று எடுத்த முழு வீடியோவும் இருந்தது. விஜயகலா அதைப் பேஸ்புக்கில் போட்டாள். பார்த்தவர்கள் பத்தொன்பது பேர். நாலு நிமிஷம் ஓடினால் டேட்டா தீர்ந்துவிடுமாம். சொன்னவர்கள் முந்தின நாள், யாரோ ஒரு நடிகை வீட்டு நாய்க்குக் கேக் வெட்டியதை அரை மணி நேரம் வாய் பிளந்து பார்த்தவர்கள்.

முப்பத்தெட்டு ஓட்டில் விஜயகலா தோற்றாள்.

மறுநாள் அழகம்மா ஆறுதல் சொல்ல வந்தாள்.

"அனே, மனசே சரியில்ல தங்கச்சி. நீ தோத்துட்டேன்னு அவன் பேஸ்புக்ல போட்டதுமே அழுகுற மூஞ்சிய அமுக்கிட்டேன். வீட்டுல இருக்கிற நாலு போன்லயும் அமுக்க வச்சேன்."

"ஓட்டுச் சீட்டுல புள்ளடி யாருக்குப் போட்டீங்க?"

அழகம்மா முந்தானையை இழுத்துச் சரிசெய்தாள். "அது அவனுக்குத்தான். நீ எட்டுக் கிலோ கழிக்கச் சொன்னவளாச்சே."

"சரிங்க அக்கா. அந்த நாலு மூஞ்சியையும் அழிச்சிருங்க" என்று சொல்லிவிட்டு, விஜயகலா கதவைச் சாத்தினாள்.