கார் நிற்கும் தூரம்

பாடநூல் குழுவின் தலைவருக்கு நாங்கள் வைத்திருந்த பட்டப்பெயர் ‘சீரான முடுக்கம்’. பேச ஆரம்பித்தால் நொடிக்கு நொடி வேகம் கூடுமே தவிர, குறைந்ததாக வரலாறு இல்லை.

அன்று மேசைக்கு வந்தது இயற்பியல் டீச்சர் எழுதிய கணக்கு. நொடிக்கு இருபது மீட்டர் வேகத்தில் ஒரு கார் வருகிறது. நாற்பத்தைந்து மீட்டர் முன்னால், சாலை நடுவில் ஒரு குழந்தை. டிரைவர் பிரேக் போட்டதும் வேகம் நொடிக்கு ஐந்து ஐந்தாகக் குறைகிறது. கார் மோதுமா? மோதாது. நாற்பதாவது மீட்டரில் நின்றுவிடும்.

“என்ன டீச்சர், நீங்க போடற கணக்குல எல்லாம் கார் நின்னுடுதே!” என்றார் தலைவர். “பசங்க கணக்கே போடாம ‘மோதாது’ன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. நிஜ வாழ்க்கை வேணும்மா! கால் பிரேக்குக்குப் போகவே அரை நொடி ஆகாதா?”

நிஜ வாழ்க்கை டீச்சருக்குத் தெரியும். போன வருடம் பள்ளிக்கூட வாசலில் கார் மோதி அவருடைய மகள் இறந்துபோனாள். இரங்கல் கூட்டத்தில் எல்லோரையும்விட அதிக நேரம் பேசியவர் தலைவர்தான். அதில் பாதி, தான் எழுதிய புத்தகங்களைப் பற்றி.

“அரை நொடி சேர்த்துக்கலாம் சார். குழந்தையை இன்னும் கொஞ்சம் தள்ளி நிறுத்திடறேன்.”

“அட, குழந்தை எங்கம்மா சொன்ன இடத்துல நிக்கும்? அது பாட்டுக்கு ஓடி வரும்!”

நாங்கள் ஆளுக்கொரு டீக் கோப்பைக்குள் எதையோ தேடினோம். மொழி திருத்துபவர் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு, “குழந்தைக்குப் பதிலா மரப்பெட்டின்னு போட்டுடலாமே?” என்றார்.

“வேணாம்,” என்றார் டீச்சர். “குழந்தையே இருக்கட்டும். கணக்குலயாவது கார் நிக்கட்டுமே.”

தலைவர் அதற்குள் கரும்பலகைக்குப் போய்விட்டார். மேடைக் குரலில் சொல்லிக்கொண்டே எழுதினார். “அரை நொடிக்குப் பத்து மீட்டர். பிரேக் போட்டபிறகு நாற்பது. ஆக மொத்தம் ஐம்பது! குழந்தை நிற்பதோ நாற்பத்தைந்தில். ஆகவே, கார் அந்தக் குழந்தையின் மேல்...”

சாக்பீஸ் பலகையிலேயே நின்றது. அவர் திரும்பவில்லை. பிடரி மட்டும் மெல்லச் சிவந்தது. பிறகு கை, தடவித் தடவி டஸ்டரைத் தேடியது.

டீச்சர் எழுந்து பலகைக்குப் போனார். தலைவர் விரலிலிருந்து சாக்பீஸை வாங்கி, ‘மோதும்’ என்று தெளிவாக எழுதி முடித்தார்.

“அழிக்காதீங்க சார்,” என்றார். “கணக்கு சரியாத்தான் இருக்கு.”