எழுதுகிற கை

பிணவறைக்காரர் கத்திரியால் சட்டையை வெட்டிக்கொண்டிருந்தார். காய்ந்த ரத்தம் துணியைத் தோலோடு ஒட்டவைத்திருந்தது. இழுக்கும்போதெல்லாம் பிய்கிற சத்தம். வருடக்கணக்காகக் கொலைச் செய்தி எழுதுகிற நிருபர்தான் அவன். ஆனால் இந்த மேசைக்கு இவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை. வாசலிலேயே விவரம் கேட்டுக்கொண்டு போய்விடுவான். இன்றைக்கு மேசையில் கிடந்தது தம்பி.

"தலையைப் பிடிச்சுக்கங்க சார்."

பிடித்தான். கழுத்து பாதி அறுபட்டிருந்தது. தோளில் எலும்பு தெரிந்தது. ஹெல்மெட் போட்டிருந்ததால் முகம் மட்டும் தப்பியிருந்தது. பிணவறைக்காரர் காலடியிலிருந்த பிளாஸ்டிக் பையைப் பிரித்தார். உள்ளே, மணிக்கட்டோடு துண்டான வலது கை.

அவன் குனிந்து மறுபடி பார்த்தான். வலது கைதான்.

தம்பி மெக்கானிக். பிறவி இடதுகைக்காரன். வீட்டில் அவன் பெயரே நொட்டாங்கை. ஸ்பானர் பிடிப்பது, எழுதுவது, கோபம் வந்தால் அறைவது எல்லாம் இடது கைதான். சோறு தின்ன மட்டும் ஒரு கையைத் தனியாக வளர்க்கிறான் என்று அம்மா கேலி செய்வாள். அவனைத் தெரிந்த எவனும் வலது கையைக் குறிவைத்து வெட்டியிருக்க மாட்டான்.

போன வாரம் கல்குவாரி முதலாளி போன் செய்திருந்தான். வெடியில் செத்த கூலியாட்களைச் சத்தமில்லாமல் அவன் புதைத்ததை நிருபர் முதல் பக்கத்தில் எழுதியிருந்தான். "எழுதுற கை இருந்தாத்தானேப்பா எழுதுவ?" என்று முதலாளி சிரித்தான். இவனும் சிரித்துவிட்டுப் போனை வைத்தான். யாராவது மிரட்டிக்கொண்டே இருக்கிற தொழில். வீட்டில் மூச்சு விடவில்லை.

இன்று காலையில் தம்பி வந்தான். "என்னண்ணே, பிரேக்கை இந்த லட்சணத்துல வச்சிருக்க? ஒருநாள் எதுலயாவது போய்ச் செருகப் போற. சாவியைக் குடு." முகப்பில் 'பிரஸ்' என்று ஒட்டிய வண்டி. அண்ணனுடைய ஹெல்மெட்டையே மாட்டிக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பினான்.

வெளியே இன்ஸ்பெக்டர் காத்திருந்தார். "முன்விரோதம்னு போட்டுருங்க சார். பட்டறையில ஏதாவது தகராறு இருந்திருக்கும். வழக்கமா நீங்க எழுதுறதுதானே?" குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கும் குடும்பம் இருக்கு."

பெஞ்சில் அம்மா, போகிறவர் வருகிறவரையெல்லாம் பிடித்து இழுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். "எம் புள்ள யார் வம்புக்குப் போனான்? யார் குடியைக் கெடுத்தான்?" முன்விரோதம் என்று அச்சானால், செத்த பிள்ளை செய்த குற்றம் என்னவென்று கடைசி மூச்சுவரை தேடிக்கொண்டிருப்பாள். உண்மை அச்சானால், மிச்சமிருக்கிற பிள்ளையையும் வெட்டுவார்கள்.

செய்தி ஆசிரியர் போனில் வந்தார். "வேற யாரையாவது எழுதச் சொல்லட்டுமா?"

"வேணாம் சார். நான் சொல்றேன், எழுதிக்கங்க." அம்மாவுக்கு எதிரிலேயே நின்று சொன்னான். "மெக்கானிக் வெட்டிக் கொலை. கொலைகாரர்கள் தேடி வந்தது அவரை அல்ல, குவாரி மரணங்களை எழுதிய அவரது அண்ணனை. அண்ணனின் வண்டியில் போன தம்பியைக் கொன்று, எழுதுகிற கை என்று நினைத்து வலது கையைத் துண்டித்தனர்... என் பேரைப் போடுங்க சார். முன்விரோதம்னு ஒரு எழுத்து வரக் கூடாது."

அம்மா எழுந்தாள். அறைந்த அறையில் போன் எகிறிப் போய்ச் சுவரில் மோதியது. முகம், மார்பு, கிடைத்த இடமெல்லாம் அடித்தாள். "உன்னையா? உன்னைத் தேடியாடா வந்தானுங்க? எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியாடா, பாவி?" உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது. அவன் தடுக்கவில்லை. விலக்க வந்த போலீஸ்காரரையும் பிடித்துத் தள்ளினாள். மறுபடி ஓங்கியவள், அவனுடைய வலது மணிக்கட்டைப் பார்த்தாள். இரண்டு கையாலும் அதைப் பற்றிக்கொண்டாள்.

பிணவறைக்காரர் ரெஜிஸ்டரை நீட்டினார். "உடம்பை அடையாளம் காட்டுனதுக்கு ஒரு கையெழுத்து சார்."

"கையை விடும்மா."

அவள் விடவில்லை.

இடது கையால் பேனாவை வாங்கி, கோணல்மாணலாகத் தன் பெயரை எழுதினான்.