அவளைத் திட்டுகிற பாட்டு

சாயங்கால நிகழ்ச்சிக்கு மைக்கைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் பாடகன் அதைச் சொன்னான். வயலின்காரி அப்போது ஒரு மூலையில் உட்கார்ந்து வில்லுக்குப் பிசின் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே அந்தப் பாட்டு வேண்டாம். இத்தனை வருஷமா உன்னைப் பக்கத்துல நிக்க வச்சே உன்னைத் திட்டிட்டிருக்கேன். பாவம் நீ."

"சரி," என்றாள். பிசினைத் தொடர்ந்து தேய்த்தாள்.

அவர்கள் மூன்று பேர். அவன் கிட்டார் வாசித்துப் பாடுவான். இவள் வயலின். மரப்பெட்டி மேல் உட்கார்ந்து அதையே தட்டுகிறவன் மூன்றாமவன்; எல்லோருக்கும் அவன் பெட்டி. பாட்டெல்லாம் காதல், பிரிவு, காதல், பிரிவு. அந்தப் பிரிவு அத்தனையும் இவள்தான். ஒரு காலத்தில் இவள் அவன் பெண்டாட்டி. வீட்டில் வாயைத் திறக்காதவன், இவள் மூட்டையைக் கட்டிக்கொண்டு போன பிறகு பாட்டுப் பாட்டாகப் பேச ஆரம்பித்தான். வீட்டை விட்டாளே தவிர வாசிப்பை விடவில்லை. அவனுக்கு வேறு வயலின் கிடைக்கவில்லை, இவளுக்கு வேறு பிழைப்புத் தெரியாது. ஒருமுறை கூட்டத்திலிருந்து ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து, "அந்தப் பாவி யாருங்க?" என்று இவளிடமே விசாரித்தாள். "தெரியலையேங்க," என்று சொல்லிவிட்டு இவள் வயலினை உறையில் வைத்தாள்.

முதலில் கூசத்தான் செய்தது. அப்புறம் பழகியது. அப்புறம் நடந்ததுதான் வெளியே சொல்ல முடியாத கூத்து. அவள் ஒற்றை அறையில் இருக்கிறாள். போன் அடித்தால் கடன் வேண்டுமா என்று கேட்கிற பெண்ணாக இருக்கும். இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தபோது ஏன் என்று கேட்க நாதியில்லை. ஆனால் வாரம் தவறாமல் ஒருவன் அத்தனை ஜனங்களுக்கு முன்னால் நின்று, நீ ஏன் போனாய், நீ இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறதே என்று கேட்டுக்கொண்டிருந்தான். திட்டாகவே இருக்கட்டுமே, அவள் இல்லாததை ஒரு குறையாகச் சொல்ல உலகத்தில் வேறு யார் இருந்தார்கள்? இனிமேல் அதுவும் இல்லை.

அவனுக்கு அடுத்த மாதம் கல்யாணம். பெண் ஒரு டீச்சர், நல்ல மாதிரி. நிகழ்ச்சி தொடங்கியபோது முன்வரிசையில் உட்கார்ந்து இவளைப் பார்த்துக் கையசைத்தாள். "மாப்பிள்ளையோட புதுப் பாட்டெல்லாம் பல்லிளிக்குதுக்கா," என்று பெட்டி காதைக் கடித்தான். வாஸ்தவம்தான். ஜனங்கள் மரியாதைக்குக் கைதட்டினார்கள். கடைசியில் பின்னாலிருந்து ஒருவன் அந்தப் பாட்டைக் கேட்டான். ஒரு குரல் பத்தாகி, கூடமே கேட்டது. அவன் டீச்சரைப் பார்த்தான், பிறகு இவளை.

"பாடு. எனக்கு ஒண்ணுமில்ல," என்றாள்.

"சாவிய மேசையில வச்சுட்டுப் போனவளே, கதவ ஏன் சாத்தாமப் போன" என்று முதல் அடி நன்றாகத்தான் வந்தது. இரண்டாவதில் நின்றுவிட்டான். கிட்டாரைச் சும்மா மீட்டினான். "மறந்துபோச்சுங்க," என்று சிரித்தான், கூட்டமும் சேர்ந்து சிரித்தது. நடிப்பில்லை. அவனோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அந்த முகம் தெரியும். நிஜமாகவே மறந்திருந்தான்.

அவள் பக்கத்தில் போய் அவன் காதோரம் மெல்லச் சொன்னாள்: "உன் செருப்பு கிடந்த இடத்துல…"

"ஆங்," என்று தலையாட்டிக்கொண்டு பாடினான். "உன் செருப்பு கிடந்த இடத்துல, என் செருப்பக் கழட்ட மனசு வரல." கூட்டத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பஸ்ஸில் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தவளைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்து நன்றியாகச் சிரித்தான்.

அடுத்தது வயலின் தனியாக வாசிக்கிற இடம். சின்னத் துண்டுதான். வாசித்து முடித்தாள். அவன் பாட வாயெடுத்தான். அவள் தந்தியிலிருந்து வில்லை எடுக்காமல் அதையே மறுபடி ஆரம்பித்தாள். பெட்டி திரும்பிப் பார்த்துவிட்டு, கூடவே மெல்லத் தட்டினான். மறுபடியும் முடிந்தது. போதும் என்று அவன் விரலால் காட்டினான். அவள் கண்ணை மூடிக்கொண்டு முதலிலிருந்து வாசித்தாள்.