ஆடியில் எடுத்த காப்புரிமை

மண்ணெண்ணெயில் ஓடுகிற, கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் மிசின் குளிர்ந்து கிடந்தால் பெற்றோல் குடித்துத்தான் எழும்பும். புத்தூர்த் தோட்டக்காரர் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அதை ஒரு குறையாக எவரும் நினைக்கவில்லை. நாகேஸ்வரிக்கு மட்டும் அது வயிற்றெரிச்சல். காற்றடிக்கும் மண்ணெண்ணெய் அடுப்பைத் தலை சூடாக்கித்தானே அவள் பற்றவைக்கிறாள்? மிசினுக்கும் அப்படிச் செய்தால் என்ன? எண்ணெய் போகிற செப்புக் குழாயைச் சுருளாக வளைத்து, கீழே கிண்ணம் வைத்து, அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய் எரித்தால் போதும். சாவகச்சேரியில் கராஜ் வைத்திருந்த ஜெபநேசனிடம் சொல்லிச் செய்வித்தாள். மிசின் ஒரு சொட்டுப் பெற்றோல் இல்லாமல் எழும்பியது.

“கொழும்புக்குப் போய் இதுக்குக் காப்புரிமை எடுக்கவேணும். உங்கடை பேரிலை எண்டாலும் எடுங்கோ,” என்று புருஷனை நச்சரித்தாள். கதிரவேலு மாட்டேன் என்று சொல்லவில்லை. நல்ல மனுஷன்தான். பஞ்சாங்கத்தை விரித்தான், அவ்வளவுதான்.

“ஆடி பிறந்திட்டுது. ஆடியிலை ஆரும் புதுக்காரியம் தொடங்குவினமோ? ஆவணி வரட்டும். உதென்ன, ஓடியா போகப்போகுது?”

ஓடித்தான் போயிற்று. ஜெபநேசன் சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரன், அவனுக்கு ஆடியும் ஒன்று, ஆவணியும் ஒன்று. அந்த ஆடியில் கொழும்பு வெள்ளவத்தையில் அவனுடைய தங்கச்சி மகளுக்குக் கலியாணம். மறுநாள் றெயிலுக்கு நேரம் கிடந்தது, பொழுது போகவில்லை. காப்புரிமைக் கந்தோருக்குப் போய்ச் சுருளைத் தன் பேரில் பதிந்துவிட்டு வந்தான்.

அது எழுபத்துமூன்றாம் ஆண்டு. புரட்டாதியில் எங்கோ அரபு தேசத்தில் சண்டை மூண்டது. பெற்றோல் விலை ஏறி, பிறகு காசு கொடுத்தாலும் கிடைக்காமல் போயிற்று. தோட்டக்காரர் ஜெபநேசனின் கராஜ் வாசலில் தவம் கிடந்தார்கள். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது, பொறுக்கியவன் அவன். இரண்டு வருஷத்தில் மாடிவீடு கட்டினான்.

நாகேஸ்வரி பஸ் ஏறிப் போய்க் கேட்டாள்.

“அண்ணை, அது என்ரை யோசனை எண்டு நாலு பேருக்கு முன்னாலை ஒருக்கால் சொல்லுங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம்.”

ஜெபநேசன் கோபிக்கவில்லை. தேத்தண்ணி வருவித்தான்.

“பிள்ளை, பெற்றோல் ஏறாமல் விட்டிருந்தால் உந்தக் குழாயை ஆர் தேடியிருப்பினம்? விசரன் எண்டு நீங்களே என்னைப் பாத்துச் சிரிச்சிருப்பியள். எனக்கு அதிட்டம் அடிச்சுது. அதிட்டத்திலையும் ஆரும் பங்கு கேக்கிறதோ?”

அவன் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதிதான் அவளை எரித்தது. தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பி வந்தாள்.

பிறகு கண்டவனும் சுருள் வளைக்கத் தொடங்கினான். ஜெபநேசன் சும்மா விடுவானா? தன் முத்திரை இல்லாத சுருள் வைத்திருந்த ஒருவனைக் கோட்டுக்கு இழுத்து வழக்குப் போட்டான். அந்தச் செய்தி புத்தூருக்கு வந்த கிழமையே கதிரவேலு நட்டுக் கழற்றும் சாவியும் கையுமாக மிசினுக்குப் பக்கத்தில் குந்திவிட்டான். வெங்காயப் பாத்தியில் நின்ற நாகேஸ்வரி ஓடி வந்தாள்.

“என்ன செய்யிறியள்?”

“இதிலை அவன்ரை முத்திரை இல்லை. ஆரும் கண்டால் கள்ளச் சாமான் எண்டுவினம். மானம் போயிடும்.”

உலகத்தில் முதன்முதல் வளைந்த அந்தச் சுருளைக் கழற்றிப் பழைய இரும்புச் சாக்கில் எறிந்தான். கடையில் வாங்கி வந்த முத்திரைச் சுருளைப் பூட்டினான். கிண்ணத்தில் நெருப்பு வைத்தான், கயிற்றைச் சுற்றினான். பிடிக்கக்கூடாது, பிடிக்கவே கூடாது என்று நாகேஸ்வரி சந்நிதிக் கோயில் சாமியை மன்றாடினாள். முதல் இழுவையிலேயே மிசின் பிடித்தது.

கதிரவேலு கையைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தான்.

“பாத்தீரே? ஒறிஜினல் எண்டால் ஒறிஜினல்தான்!”