பசை வேண்டாத தரை

பலகைத் தரைக்குப் பசையா, பசை இல்லாததா என்று கமலாம்பிகை டீச்சர் முடிவு சொல்வதற்காகத் தங்கராஜுவும் அர்ஜுனனும் அவருடைய ஜெலுத்தோங் வீட்டு ஹாலில் மண்டியிட்டுக் காத்திருந்தார்கள். தொண்ணூற்றெட்டுப் பொருளாதாரச் சரிவில் எல்லாக் கடைகளையும் போல அவர்கள் வேலை பார்த்த தரைக் கடையிலும் வேலை குறைந்துவிட்டது. மாதக் கடைசியில் இருவரில் ஒருவனைத்தான் வைத்துக்கொள்வேன் என்று முதலாளி பரமநாதன் சொல்லியிருந்தார்.

அர்ஜுனன் கோலாலம்பூரில் பசை இல்லாத் தரை போட மூன்று நாள் பயிற்சி முடித்தவன். கடைப் பெயர் போட்ட சட்டையும் அவனுக்கு மட்டும்தான். இரண்டு பலகைகளைச் சாய்த்து அழுத்தினான். டக்.

"அவ்வளவுதான் டீச்சர். கம் வேணாம், காய வேணாம் லா."

டீச்சர் கைதட்டினார். தங்கராஜு பதினொரு வருடமாகப் பசை தடவுகிறான். ஒருவரும் கைதட்டியதில்லை.

"துடைக்கிறதுக்கும் சுலபமா?"

"ரொம்ப சுலபம்."

"வெள்ளிக்கிழமைன்னா சாமி ரூம்லேர்ந்து வாசல் வரைக்கும் வாளி வாளியா ஊத்திக் கழுவிடுவேன்."

அதற்குள் அர்ஜுனன் அளவு நாடாவோடு வாசலுக்குப் போயிருந்தான். தங்கராஜுவுக்கு மட்டும் கேட்டது. அந்தத் தண்ணீரில் பசைத்தரையே பாடுபடும். இது ஒரு வாரம் தாங்காது. சொல்ல வாயைத் திறந்தான். அர்ஜுனனின் அந்தச் சட்டை கண்ணில் பட்டது.

"தம்பி சொல்றதையே போடுங்க டீச்சர். கம் நாத்தம் வேற."

அண்ணன் இதுவரை தன்னைப் புகழ்ந்ததே இல்லை என்று அர்ஜுனன் அன்று தே தாரே டீ வாங்கிக் கொடுத்தான். தங்கராஜு சீனி அதிகம் என்றான்.

அடுத்த சனிக்கிழமை ஹால் நடுவில் பலகைகள் அப்பளம் போல உப்பியிருந்தன. முழுத் தரையின் விலையையும் கடைசிச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு பரமநாதன் அர்ஜுனனை அனுப்பிவிட்டார்.

"தண்ணி ஊத்துவாங்கன்னு யார்ணே கண்டா?" என்றான் அர்ஜுனன். "பாவம், உங்களுக்கும் தெரியாதுல்ல."

தங்கராஜு, "ம்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை தங்கராஜுவை வீட்டுக்கு வரச்சொல்லிப் பரமநாதன் ஆள் அனுப்பினார். டீச்சர் வீட்டிலிருந்து கழற்றிக் கொண்டுவந்ததில் பாதிப் பலகைகள் நனையவே இல்லை. அவை அவர் வீட்டு ஹாலில் அடுக்கியிருந்தன.

"நாளையிலேர்ந்து கம் வேலை கிடையாது. இதுதான், ஒரு நாளைக்கு ரெண்டு வீடு. காஜி அதே பழைய சம்பளம்தான். இன்னைக்கு இங்க போட்டுப் பழகிக்க. பழகுறதுக்கெல்லாம் காஜி கேக்காத."

மத்தியானத்துக்குள் பாதி ஹால் முடிந்தது. முதலாளியின் நாய் உள்ளே வந்து, போட வேண்டிய இடத்தில் சுருண்டு படுத்தது. தங்கராஜு அதை விரட்டக் கையை ஓங்கினான்.

"விடு, தூங்கட்டும்," என்றார் பரமநாதன். "நீ சுத்தி வந்து அந்தப் பக்கம் போடு."