இன்னும் சத்தமாச் சொல்லணுமா

"இசக்கிராஜா! ஏலே, யாருலே இசக்கிராஜா?"

அரசு ஆஸ்பத்திரியில் சீட்டுக் கொடுக்கும் மணிகண்டபிரபுவுக்கு யாரென்று நன்றாகவே தெரியும். குற்றாலத்தில் சீசனுக்கு ரம்புட்டான் விற்கும் திருநங்கை இசக்கி, பச்சைச் சேலையில் அவன் கண்ணெதிரேதான் நின்றாள். ஆதாரில் இருந்த பழைய பெயரை வேண்டுமென்றே கூவினான். வரிசை மொத்தமும் திரும்பியது.

போன வருஷமும் இதே தென்காசி ஆஸ்பத்திரியில் இப்படித்தான் கூப்பிட்டார்கள். புண்ணோடு வந்தவள் சீட்டு வாங்காமலே ஓடிப்போய், மெடிக்கலில் ஏதோ களிம்பு வாங்கிப் பூசி, சீழோடு கிடந்தாள். 'இவங்க ஆஸ்பத்திரிக்கே வர்றதில்ல' என்று அதிகாரிகள் மீட்டிங்கில் மட்டும் வருத்தப்படுவார்கள்.

இன்று ஓட முடியாது. முந்தாநாள் ராத்திரி, அவள் பழகும் விஜய்பாண்டி ஆணுறையைத் தட்டிவிட்டான். "எம்மேல நம்பிக்கை இல்லியாட்டி?" பெற்றவளே வாசலில் நிறுத்திப் பேசும் ஊரில், கூட உட்கார்ந்து ஒரே இலையில் சாப்பிட்டவன் அவன் ஒருத்தன்தான். அந்த வார்த்தையில் விழுந்தாள். விடிந்தபின் அவன் பையில் பார்த்தாள்: பாதியில் நிறுத்திய எச்.ஐ.வி. மாத்திரை டப்பா. தடுப்பு மருந்தை மூன்று நாளுக்குள் தொடங்க வேண்டும். அவள் போகவேண்டிய எச்.ஐ.வி. பரிசோதனை அறைக்குப் பெயரும் நம்பிக்கை மையம். சிரிப்புதான் வந்தது.

"ராஜா செத்துட்டான் அண்ணாச்சி. இசக்கி நிக்கேன். சீட்டக் குடுங்க."

"ஆம்பள வரிசையா, பொம்பள வரிசையா? மொதல்ல முடிவு பண்ணிட்டு வா."

இரண்டு பேர் சிரித்தார்கள். அதில் அவனுக்குத் தெம்பு வந்தது. "என்ன சீக்கு? சொன்னாத்தான் சீட்டு."

காதோரம் வந்து கெஞ்சுவாள் என்பது அவன் நினைப்பு. இசக்கிக்குக் கால் வாசல் பக்கம் இழுக்கத்தான் செய்தது. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"சொல்லுதேன், எல்லாரும் கேளுங்க. மருந்தப் பாதியில விட்ட ஆம்பளகூட ஆணுறை இல்லாமப் படுத்தேன். எனக்கு நோய் வராம இருக்க மாத்திரை வேணும். இன்னைக்கே வேணும். போதுமா? இன்னும் சத்தமாச் சொல்லணுமா?"

சிரித்தவர்கள் சுவரைப் பார்த்தார்கள். கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தி, "ஏ அண்ணாச்சி, அந்தப் பிள்ளைக்குச் சீட்டக் குடுத்து அனுப்பும். உம்ம வாயப் பாத்துக்கிட்டு நிக்கவா வந்தோம்?" என்றாள்.

சீட்டு வந்தது.

டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார், மாத்திரை கொடுத்தார். ஒரு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும், மறுபடி டெஸ்டுக்கு வரவேண்டும். "வருவியாம்மா? உங்காளுங்க பாதியில நின்னுருதாங்க."

"நாங்க நிக்கல டாக்டர். ஒங்க வாசல்ல நிறுத்துதாங்க."

முதல் மாத்திரையை வராந்தாவிலேயே விழுங்கிவிட்டு நேராக மணிகண்டபிரபுவிடம் போனாள். அவன் கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டிருந்தான்.

"மறுபடியும் வருவேன் அண்ணாச்சி. இசக்கின்னு கூப்பிடணும். இல்லன்னா இதே மாதிரிதான் பேசுவேன்."