சென்றாயன் வீட்டு இருபத்தொன்றாம் நாள்

வளப்பூர் நாட்டுச் சென்றாயன் வீட்டில் ஆறு வருஷமாகக் கரண்ட் கிடையாது. ஆனாலும் அந்த வீட்டுக்குள் இரவும் பகலும் முப்பத்தேழரை டிகிரி சூடு இருக்கிறது. மார்கழியில் மலையே போர்வைக்குள் சுருண்டு கிடக்கும்போதும் அவன் வீட்டு ஓடுகள் மட்டும் காய்ந்திருக்கும், மேலே விழும் பனி புகையாகிப் போய்விடும். மழைக்காலத்தில் அக்கம்பக்கத்தார் ஈரத் துணியையும் மிளகையும் அந்தச் சுவரோரம் கொண்டுவந்து காயப்போடுவார்கள். விறகு எரிக்காமல், வயர் இழுக்காமல் அந்தச் சூட்டைத் தந்தது சென்றாயனின் உடம்பு. செம்மேட்டுச் சந்தையில் பலாப்பழம் விலை போவதைச் சொல்கிற அதே குரலில்தான் ஊரார் இதையும் சொல்வார்கள்.

இது தொடங்கியது மிளகுக் கொடிகள் வாடிப்போன வருஷம். அவன் மனைவி சுமித்ரா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷினுக்குச் சேர்ந்து, எட்டு வயது மகள் வித்யாஸ்ரீயை அங்கேயே பள்ளிக்கூடத்தில் போட்டாள். சாமை அறுப்பு முடிந்ததும் சென்றாயனும் போய்ச் சேருவதாகப் பேச்சு. வீட்டுக் கோழியின் குஞ்சுகள் வேண்டும் என்று மகள் ஒரே அடம். அந்தப் பருவத்தில் பார்த்து எந்தக் கோழியும் அடைக்கு உட்காரவில்லை. சுமித்ராதான் போனிலேயே ஒரு இன்குபேட்டரை வரவழைத்தாள்: தெர்மாகோல் பெட்டி, உள்ளே பல்பு, சின்ன ஃபேன், தண்ணீர்த் தட்டு, சூடு காட்டும் முள். ஐம்பது முட்டை கொள்ளும் பெட்டியில் சென்றாயன், ஒற்றைப்படையாக வைக்கும் வழக்கப்படி, பதிமூன்று சிறுவிடை நாட்டுக்கோழி முட்டைகளை வைத்தான். “இருபத்தொரே நாள் கண்ணு, குஞ்சோட வந்துர்றேன்” என்று மகளிடம் போனில் சொன்னான்.

ஐம்பது கொள்ளும் இடத்தில் பதிமூன்று இருந்தால் மிச்ச இடம் ஊருக்குச் சொந்தம். அடைக்கென்று கொண்டுவந்த முட்டையை வாசலோடு திருப்பி அனுப்புவது அந்த மலையில் இல்லை. பெண் கேட்டு வந்தவர்களைக்கூட ஏதாவது சொல்லி அனுப்பிவிடலாம். மூன்றாம் நாள் அவனுடைய அத்தை ஆத்தாயி மடியில் ஏழு முட்டையோடு வந்தாள். ஒன்பதாம் நாள் மேல்வளவு வீடுகளிலிருந்து பதினொன்று வந்தது. எல்லாவற்றையும் வாங்கி, கரியால் அடையாளம் போட்டு அடுக்கினான். கோழிக்கு எப்போது எழ வேண்டும் என்று தெரியும். முதல் குஞ்சுகள் இறங்கியதும் பிந்தி வைத்த முட்டைகளை அப்படியே விட்டுவிட்டு அது நடையைக் கட்டும், யாரும் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். பெட்டி எழாது. அது சென்றாயனுக்கு உறைக்கவில்லை.

பதினெட்டாம் நாள் அடித்த காற்றில் சில்வர் ஓக் மரம் ஒன்று மின்கம்பியின் மேல் விழுந்தது. பதினோரு நாள் மலையில் கரண்ட் இல்லை. சென்றாயன் பெட்டியைக் கம்பளியால் மூடி, மூடிக்கடியில் இரண்டு கைகளையும் நுழைத்து, அதன்மேல் கவிழ்ந்து உட்கார்ந்தான். குஞ்சில்லாமல் மகள் முகத்தில் எப்படி விழிப்பது என்ற ஒரே கவலை அவனுக்கு. முள் முப்பத்தேழரையில் நின்றது. மறுநாளும் நின்றது. இருபத்தொன்றாம் நாள் பதிமூன்றும் பழுதில்லாமல் ஓட்டை உடைத்துக்கொண்டு வந்தன. கரண்ட் திரும்பி வந்தபோது மீட்டர் ஓடவில்லை. சோதித்துப் பார்த்த வயர்மேன், இந்த வீட்டுக்கு இனி இணைப்பு தேவையில்லை என்று எழுதிக்கொண்டு போனார்.

கரண்ட் வருவதற்கு முன்பே, குஞ்சு பொரித்த மறுநாள், மிச்ச முட்டைகளைக் கம்பளியால் போர்த்திவிட்டு, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் குஞ்சுகளை எடுத்துக்கொண்டு சென்றாயன் பஸ் ஏறினான். மூன்றாவது கொண்டை ஊசி வளைவு திரும்பும்போது நெஞ்சுக்குள் ஜில்லென்றது. வீட்டிலிருக்கும் பதினெட்டு முட்டைகளும் ஒவ்வொன்றாகக் குளிர்வது, பதினெட்டும் தனித்தனியாக, அவனுக்குத் தெரிந்தது. குஞ்சுப் பெட்டியைக் கண்டக்டரிடம் கொடுத்து விலாசம் சொல்லிவிட்டு இறங்கி, மேலே ஓடினான். அவன் கை பட்டதும் முள் ஏறியது. இன்னும் எட்டு ஒன்பது நாள்தானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டான். அதற்குள் வேறு நான்கு பேர் முட்டையோடு வாசலில் நின்றார்கள்.

அப்படியே வருஷங்கள் போயின. கொரோனா காலத்தில் பஸ் நின்றபோது வேலையில்லாமல் வீட்டிலிருந்த ஊர் கோழிகளைப் பெருக்கியது, முட்டை இன்னும் அதிகமாக வந்தது. பொங்கலுக்குப் பொங்கல் சுமித்ரா மகளோடு வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவாள். அடை முட்டையில் ஒரே ஆளின் கைதான் படவேண்டும் என்பது வழக்கம், அதனால் அவள் எட்ட நின்றே சோறு ஊட்டுவாள். ஒருமுறை சென்றாயன் ஊர்க் கூட்டத்துக்கு ஆள் அனுப்பி, இருபத்தொரு நாள் மட்டும் யாரும் முட்டை தரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். ஊரே மனசார ஒத்துக்கொண்டது. இருபதாம் நாள் காலையில் வாசற்படியில் மூன்று முட்டைகள் இருந்தன. “எங்கோழி உங்க ஊட்டு வாசல்ல வந்து இட்டுச்சுன்னா நான் என்ன சாமி பண்ணட்டும்?” என்றாள் ஆத்தாயி. அவளைத் திட்டவும் முடியவில்லை அவனுக்கு. மூன்றையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதான். ஊரில் கெட்டவர் ஒருவர்கூட இல்லை, அதுதான் அவன் தலையெழுத்து.

போன வருஷம் ஆடியில் சுமித்ரா தனியாக வந்தாள். வித்யாஸ்ரீ வயசுக்கு வந்திருந்தாள். திருப்பூரிலேயே சீருக்கு நாள் குறித்தாயிற்று.

“ஏனுங்க, அப்பன் இல்லாம புள்ளைக்குச் சீர் பண்ணுவாங்களா?”

“நாப்பத்திரெண்டு உசுரு சுமி. எந்திரிச்சா செத்துப்போயிரும்.”

“கோழியே எந்திரிச்சுப் போயிரும். உங்களால மட்டும் முடியாதா?”

சென்றாயன் கைகளை இன்னும் உள்ளே நுழைத்துக்கொண்டான். சுமித்ரா வளையல்களை மேலே தள்ளிவிட்டு, வழக்கத்தையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, அவன் கைகளுக்குப் பக்கத்தில் தன் கைகளையும் நுழைத்தாள். “எடுங்க பாக்கலாம்” என்றாள். அவன் ஒரு கையை எடுத்தான், அப்புறம் மற்றதையும் எடுத்தான். முள் அசையவில்லை. ஐந்து வருஷத்துக்குப் பிறகு சென்றாயனின் விரல் நுனிகளில் குளிர் தெரிந்தது. “போங்க, பஸ்ஸு வந்துரும். புள்ளைய பாத்துட்டு வாங்க” என்றவளின் நெற்றியில் அதற்குள் வேர்வை பூத்துவிட்டது.

எழுபது வளைவும் இறங்கி அவன் திருப்பூர் போனான். பட்டுப்பாவாடையில் நின்ற மகள் அவன் தோளுக்கு மேல் வளர்ந்திருந்தாள். அவள் கேட்ட முதல் கேள்வி, “அம்மா எங்கப்பா?” என்பதுதான். சீர் போட்டோக்கள் எல்லாவற்றிலும் மகளோடு சென்றாயன் மட்டும் இருக்கிறான், பக்கத்தில் ஒரு ஆள் நிற்கும் இடம் காலியாக இருக்கிறது. சுமித்ராவின் மெஷின் சும்மா நிற்கக் கூடாது என்று சூப்பர்வைசர் சொன்னதால் மறுநாள் அவன் அதில் உட்கார்ந்தான். கம்பெனியில் யாருக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இப்போது இருபத்தொரு நாளைக்கு ஒருமுறை ஆள் மாறுகிறார்கள். வந்த பஸ்ஸே திரும்பிப் போக வேண்டியது. டிரைவர் டீ குடிக்கிற சாக்கில் பத்து நிமிஷம் என்ஜினை நிறுத்தி வைக்கிறார். இரண்டு பேரும் அடுத்தடுத்து உட்கார்ந்து நான்கு கைகளையும் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, வீட்டு வாடகை, மகளின் இருமல், அரிசி தீர்ந்தது என்று வேகவேகமாகப் பேசுவார்கள். சில தடவை வெறுமனே தோளோடு தோள் சாய்ந்திருப்பார்கள். லீவு நாட்களில் வித்யாஸ்ரீயும் வருவாள். அவள் படியில் கால் வைத்தால், “உள்ள வராத கண்ணு” என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். அவள் வாசலுக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்து, அம்மாவையும் அப்பாவையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறாள். அந்தப் பத்து நிமிஷம் மட்டும் ஊரில் யாரும் முட்டை கொண்டுபோவதில்லை. மடியில் முட்டையோடு வந்த ஆத்தாயிகூட வேலியோரமாக நின்று, ஹாரன் அடித்த பிறகுதான் வாசலுக்குப் போகிறாள்.